கோப்பிக்குள் யாருடைய பாட்டு?
ஜூலியா அல்வாரெஸின் 'எ கஃபெசிதோ ஸ்டோரி'யை முன்வைத்து

அம்மா புத்தகம் வாசிப்பதில்லை. நான் வாசித்த கதையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்பார். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார். பல கதைகள் அந்தக் கேள்விக்குப் பிறகு எழுந்து நின்றதில்லை.

சில மாதங்களுக்கு முன் தோழி ஒருத்தி கால் கிலோ கோப்பிப் பொட்டலத்தையும் ஒரு மெல்லிய புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். பொட்டலத்தின் மேல் சின்னப் பறவை ஒன்றின் படம். மர நிழலில் வளர்ந்த கோப்பி, வலசைப் பறவைகளுக்குப் பாதுகாப்பு என்று இரண்டு வரி. "ரெண்டும் ஒரே விஷயந்தான். படிச்சிட்டுக் குடி, இல்லாட்டி குடிச்சிட்டுப் படி" என்றாள். புத்தகம், ஜூலியா அல்வாரெஸ் எழுதி 2001இல் வெளிவந்த 'எ கஃபெசிதோ ஸ்டோரி'. ஸ்பானிய மொழியில் கஃபெசிதோ என்றால் குட்டிக் கோப்பி. வீட்டுக்கு வந்தவருக்குப் பிரியமாக நீட்டும் ஒரு சிறு கோப்பை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கோப்பியைப் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னேன். சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கறுப்புக் கோப்பிக்குப் பழகிய நாக்கு. "என்னா இது, புளிக்குது" என்றார். ஆனாலும் குடித்தார். கதையையும் கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்: "சரி, பழம் பறிக்கிறவங்களுக்குக் கிலோ கணக்கா, நாள் கணக்கா?"

அம்மா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியவர். நான் புத்தகத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. அழகான ஒரு புத்தகத்தில் ஏன் அந்தப் பதில் இல்லை என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் புத்தகம். ஜோ, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். நிலம் கைவிட்டுப் போகிறது. பள்ளி ஆசிரியர் ஆகிறான். வாழ்க்கை உப்புச் சப்பில்லாமல் போகிற ஒரு கட்டத்தில் விடுமுறைக்கு டொமினிக்கன் குடியரசுக்கு வருகிறான். கடற்கரை விடுதியில் மனம் ஒட்டவில்லை. மலைக்குப் போகிறான். அங்கே மிகேல் என்ற சிறு விவசாயியைச் சந்திக்கிறான். மிகேலின் கோப்பி, தாத்தா காலத்து முறையில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்கிறது. சுற்றியுள்ள நிலங்களிலோ மரங்களை வெட்டிவிட்டு, வெயிலில் வேகமாகக் காய்க்கும் கோப்பியை உரமும் மருந்தும் போட்டு வளர்க்கிறார்கள். மிகேலுக்கும் அந்த நெருக்கடி இருக்கிறது. ஜோ தங்கிவிடுகிறான். பக்கத்தில் நிலம் வாங்குகிறான். மிகேலின் குடும்பத்துக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். மிகேல் அவனுக்கு மண்ணைச் சொல்லிக் கொடுக்கிறான்.

கதை அவ்வளவுதான். ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். பெல்கிஸ் ராமிரெஸின் மரச்செதுக்கு ஓவியங்கள் பக்கத்துக்குப் பக்கம் கூட வருகின்றன. இதைச் சூழலியல் நீதிக்கதை என்றுதான் அல்வாரெஸ் தரப்பிலேயே சொல்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பழுக்கிற காய்க்குப் பறவை பாடினால், வயிற்றுப் பிள்ளைக்குத் தாய் பாடுவதுபோல, அந்தப் பாட்டு கோப்பிக்குள் இறங்கிவிடும் என்று மிகேல் நம்புகிறான். நிழல் கோப்பி ஏன் வேறு ருசி என்பதற்கு அவனிடம் உள்ள விளக்கம் அது. விஞ்ஞானமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விவசாயி தன் நிலத்தைப் பற்றி அப்படித்தான் நினைப்பார். இலக்கியத்தில் இந்த மாதிரி ஒரு கற்பனை வந்துவிட்டால் அறிக்கைகளால் செய்ய முடியாததை அது செய்துவிடும். அடுத்த முறை கோப்பி குடிக்கும்போது காது கொஞ்சம் கூர்மையாகும்.

இது வெளியிலிருந்து வந்து எழுதிய கதையும் அல்ல. அல்வாரெஸ் 1950இல் நியூயார்க்கில் பிறந்து, டொமினிக்கன் குடியரசில் வளர்ந்தவர். சர்வாதிகாரி ட்ருஹியோவுக்கு எதிரான முயற்சியில் அப்பா சம்பந்தப்பட்டிருந்ததால் 1960இல், பத்து வயதில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி ஓடியவர். பிறகு வெர்மான்ட்டில் குடியேறினார். அவரும் கணவர் பில் ஐக்னரும் டொமினிக்கன் மலைகளில் ஜரபகோவா பக்கம் நிலம் வாங்கி, ஆல்ட்டா கிராசியா என்ற நிழல் கோப்பித் தோட்டத்தை உருவாக்கினார்கள். எழுத்தறிவுப் பள்ளியும் நடத்தினார்கள். கதையில் ஜோ செய்வது அவர்கள் செய்ததுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கருந்தொண்டையும் நீல முதுகும் கொண்ட ஒரு கதிர்க்குருவி இருக்கிறது. எடை பத்து கிராம் அளவுதான். கோடையில் வெர்மான்ட் போன்ற வடகிழக்கு அமெரிக்கக் காடுகளில் கூடு கட்டும். குளிர்காலத்தை கியூபா, ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு போன்ற கரீபியன் தீவுகளில் கழிக்கும். அல்வாரெஸ் வருடாவருடம் போய்வந்த வழியும் அதே வழிதான். பறவையின் மேல் அவர் வைத்திருக்கிற பாசம் புத்தகத்தில் கற்ற பாசம் அல்ல. பத்து வயதில் ஊரைவிட்டுப் போன ஒரு பெண், போய்விட்டுத் திரும்பி வரத் தெரிந்த ஓர் உயிரைப் பார்க்கிறார்.

*

நீதிக்கதை ஒரு விஷயத்தைச் சுருக்கிவிடுகிறது. நல்ல விவசாயி மரத்தை வைத்திருக்கிறார், கெட்ட கம்பெனி மரத்தை வெட்டுகிறது. நடந்த கதை இதைவிடச் சிக்கலானது. நமக்கும் அதில் பங்கு உண்டு.

கோப்பி இயல்பாகவே காட்டின் அடித்தட்டில் வளரும் செடி. டொமினிக்கன் மலைகளில் குவாமா மரத்தின் கீழும், ஆரஞ்சு, வாழை, வெண்ணெய்ப்பழ மரங்களின் இடையிலும்தான் அதை வளர்த்தார்கள். அந்த மரங்களை வெட்டவைத்தது பேராசை மட்டுமல்ல, பயமும்தான். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை, கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சுத் தூளாகப் படிந்து செடியை மொட்டையாக்கும். துரு நோய் என்பார்கள். 1970இல் அது பிரேசிலில் தென்பட்டது. சில ஆண்டுகளில் மத்திய அமெரிக்காவுக்கும் வந்தது. ஈரமான நிழலில் துரு அதிகம் பரவும் என்ற கணக்கில், மரங்களை வெட்டி, குட்டையான புது ரகங்களை நெருக்கமாக நட்டு, உரம் போட்டு வளர்க்கச் சொல்லி அரசுகளும் அமெரிக்க உதவிப் பணமும் ஊக்கப்படுத்தின. 1990 வாக்கில் மெக்சிகோ முதல் கொலம்பியா வரையிலும் கரீபியன் தீவுகளிலுமாக, கோப்பி நிலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படி மாறிவிட்டிருந்தது.

சுற்றியிருந்த காடு ஏற்கெனவே அழிந்துபோன இடங்களில், பறவைகளுக்கு மிச்சம் இருந்தது இந்தக் கோப்பிக் காடுதான். ஜரபகோவா பக்கத்து நிழல் கோப்பித் தோட்டங்களில் ஆய்வாளர்கள் பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். போன குளிர்காலத்தில் பிடித்த அதே பறவை, கடலைத் தாண்டிப் போய்க் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, அடுத்த குளிர்காலத்தில் அதே தோட்டத்துக்கே வந்திருந்தது. ஆகவே ஒரு தோட்டத்தில் மரத்தை வெட்டினால், அந்தப் பறவைக்குத் திரும்பி வரத் தெரிந்த முகவரியே போய்விடுகிறது.

அந்தத் துருவுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. அந்தப் பூஞ்சைக்கு முதலில் பெயர் வைத்தது 1869இல். மாதிரி இலை போனது இலங்கையிலிருந்து. மலைக்காட்டை வெட்டித் தள்ளி, மலை மலையாக ஒரே பயிராகக் கோப்பி நட்டிருந்தார்கள். வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக நடத்திச் செல்லப்பட்டவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1880களின் முடிவில் அங்கே கோப்பி அநேகமாக இல்லை. தேயிலை வந்தது. ஆட்கள் மாறவில்லை, செடிதான் மாறியது. சிலாங்கூரிலும் ரப்பருக்கு முன் கோப்பிதான். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் கோப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தபோது, அங்கேயும் செடி மாறியது. தமிழ்நாட்டுக்காரர்கள் காப்பி என்று சொல்லும்போது நாமும் மலையகத்தாரும் கோப்பி என்று சொல்கிறோம். நம் வாயில் அந்தச் சொல் குடிக்கிற பொருளாக ஆவதற்கு முன்பே வேலையாக இருந்தது.

*

இப்போது அம்மாவின் கேள்வி.

கிலோ கணக்கா, நாள் கணக்கா என்பது சாதாரணக் கேள்வி இல்லை என்பது, கோப்பிப் பழம் எப்படிப் பறிக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது. ஒரு செடி ஓராண்டில் கொடுப்பது, வறுத்த பிறகு, ஏறக்குறைய அரைக் கிலோ. என் கையில் இருந்த கால் கிலோப் பொட்டலத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். நல்ல கோப்பி என்றால் பழுத்ததை மட்டும் விரலால் பறிக்க வேண்டும். நிழலில் பழம் மெதுவாகத்தான் பழுக்கும். ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் இருக்கும். அதே செடிக்கு மறுபடி மறுபடி நடக்க வேண்டும். நாள் கணக்கு என்றால் இந்த நடையெல்லாம் தோட்டக்காரர் செலவு. கிலோ கணக்கு என்றால் பறிப்பவர் செலவு. பெரும்பாலான கோப்பி நாடுகளில் கணக்கு என்பது பெட்டி, கூடை, கிலோதான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நெழல்ல நின்னாலும் ஓட்டந்தான்" என்றார்.

அல்வாரெஸின் கதையில் பறிப்பவர் யார்? மிகேலும் அவன் குடும்பமும். சொந்த நிலம், சொந்தக் கை. நீதிக்கதைக்கு இது வசதி. கூலி என்ற பேச்சே வராது. ஆனால் டொமினிக்கன் மலைகளில் அறுவடைக் காலத்தில் பழம் பறிப்பவர்களில் பெரும் பங்கினர் பக்கத்து நாடான ஹைட்டியிலிருந்து வருகிறவர்கள். பலருக்குக் காகிதம் கிடையாது. அவர்களும் வலசை வருகிறவர்கள்தான். இந்த நீதிக்கதையின் வெளிச்சம் கதிர்க்குருவியின் மேல் விழுகிறது. எல்லை தாண்டி வருகிற ஆளின் மேல் விழவில்லை.

வலசை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு நாம் பறவைக்கு மட்டும் வைத்திருக்கிறோம். தமிழ் லெக்சிகனில் பாருங்கள்: எதிரிப் படைக்குப் பயந்து ஊரைவிட்டுக் குடிபெயர்வது என்றுதான் பொருள் இருக்கும். அது மனிதர்களுக்கான சொல். நாம் அதைப் பறவைக்குக் கொடுத்துவிட்டோம். மனிதர்களுக்கு 'அந்நியத் தொழிலாளி' வந்துவிட்டது.

பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் முத்திரைகளிலும் இதே பிரிவினை உண்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வலசைப் பறவை மையம் கொடுக்கும் 'பேர்ட் ஃப்ரெண்ட்லி' முத்திரைதான் இவற்றில் கடுமையானது என்கிறார்கள். குறைந்தது 40 விழுக்காடு நிழல் வேண்டும், முதுகெலும்பான மர வகை போக இன்னும் பத்து வகை மரமாவது வேண்டும், மேல் மரங்கள் 12 மீட்டராவது உயர வேண்டும், இயற்கை வேளாண்மைச் சான்று வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டுவிட்டு நிழல் என்று ஏமாற்ற முடியாது. ஆனால் அளவுகள் எல்லாம் மரத்துக்கும் இலைக்கும். கூலிக்கு வேறு முத்திரை தேட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. பறவைக்குக் கூலி கணக்குப் போட்டுவிட்டார்கள். ஜமைக்காவின் நீல மலையில் சில கோப்பிச் செடிகளை வலை போட்டு மூடிப் பறவை வராமல் தடுத்துப் பார்த்தார்கள். மூடிய செடிகளில் காய்த் துளைப்பான் வண்டு அதிகமானது. நம் கருந்தொண்டைக் குருவி அந்த வண்டைத் தின்கிற பறவைகளில் முக்கியமானது. 2010இல் வந்த ஓர் ஆய்வு, பறவைகள் செய்யும் இந்த வேலையின் மதிப்பு ஹெக்டேருக்கு 310 அமெரிக்க டாலர் என்று சொன்னது. எனக்கு அந்த ஆய்வின் மேல் குறை இல்லை. மரத்தை வெட்டாதே என்று ஒரு விவசாயியிடம் சொல்ல அது உதவும். ஆனால் பறவையைக் காப்பாற்றக்கூட அதை வேலைக்காரனாக ஆக்கித்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

*

இதே சிக்கலை நேருக்கு நேர் பார்த்த நாவல் ஒன்று உண்டு. ஜொனாதன் ஃபிரான்சனின் 'ஃப்ரீடம்' (2010). அதன் நாயகன் வால்டர் பெர்க்லண்டும் ஒரு குட்டிக் கதிர்க்குருவியைக் காப்பாற்றக் கிளம்பியவன். அந்தக் குருவி வானநீல நிறம். கொலம்பியா போன்ற ஆண்டிஸ் மலை நாடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். அங்கே நிழல் கோப்பித் தோட்டம் அதற்கு முக்கியமான புகலிடம். ஸ்பானிய மொழியில் அதற்கு 'வானநீலச் சின்ன ராணி' என்ற பொருளில் ஒரு பெயர். நாவல் பேசுவது அதன் கோடைப் பக்கத்தை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவை. குருவிக்குச் சரணாலயம் அமைக்க வால்டர் பெரும் முதலாளி ஒருவரோடு கைகோக்கிறான். முதலில் மலையின் தலையை வெட்டி நிலக்கரி எடுத்துக்கொள்ளட்டும், பிறகு அந்த நிலம் பறவைக்கு என்பது ஏற்பாடு. அதற்காகப் பரம்பரையாக அங்கே இருக்கும் ஏழைக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டும். வால்டர் வெளியேற்றுகிறான். மனிதர்கள் பெருகியதுதான் எல்லாத் தீமைக்கும் காரணம் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே கத்துகிறான்.

ஃபிரான்சனே தீவிரமான பறவை நோக்கர். ஆனாலும் தன் நாயகனை அவர் தப்பவிடவில்லை. பறவை மேல் உள்ள அன்பு எவ்வளவு எளிதாக ஏழை மேல் வெறுப்பாகத் திரும்பும் என்று காட்டிவிடுகிறார். நாவல் என்ற வடிவத்தின் பலம் அது. மோதுகிற இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைக்கும். நீதிக்கதையில் அந்த அறை கிடையாது. மிகேலுக்கு நல்லது, குருவிக்கு நல்லது, குடிப்பவருக்கு நல்லது, எல்லாருக்கும் ஒரே பதில். அல்வாரெஸ் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்ட வடிவம் கேட்கவிடாத கேள்வி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

*

கோப்பித் தோட்டத்தில் பாட்டு என்றதும் எனக்கு இன்னொரு புத்தகம் ஞாபகம் வருகிறது. மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' (2014). மலையகத்தின் ஆரம்பகால அச்சு நூல்களைத் தேடி எடுத்து எழுதிய கட்டுரைகள். இதை வாசிக்காத இளம் வாசகர்கள் உடனே தேடிப் பிடியுங்கள். அதில் பேசப்படும் நூல்களில் ஒன்று ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கோப்பி பயிரிடுவதைப் பற்றிய கும்மிப் பாட்டு. வெளிவந்த ஆண்டு 1869. துருப் பூஞ்சைக்குப் பெயர் வைத்த அதே ஆண்டு.

கும்மி என்பது பெண்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடுவது. அந்த வடிவத்தை எடுத்து, எப்படி நட வேண்டும், எப்படிப் பாடுபட வேண்டும் என்று தொழிலாளிக்குப் பாடம் சொல்ல வைத்திருக்கிறார்கள். நித்தியானந்தன் அதைத் துரைமார் பக்கம் நின்று பேசும் நூலாகவே வாசிக்கிறார். அவர்களே பாடுகிற மெட்டில், அவர்களுக்கு எதிரான சொல்.

மிகேலின் பறவைப் பாட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கும்மியை வைத்துப் பார்க்கிறேன். பறவை தன் பாட்டைத் தானே பாடுகிறது. கோப்பிக்குள் அது இறங்குகிறது என்று கேட்டால் நமக்கு இனிக்கிறது. கூலியாளின் வாயிலோ இன்னொருவர் எழுதிய பாட்டு. அதுவும் கோப்பிக்குள் இறங்கித்தான் இருக்கும். லண்டனில் அதைக் குடித்தவர் யாரும் அந்த ருசியைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். அல்வாரெஸின் கற்பனையை நான் மறுக்கவில்லை. அதை முழுசாக நம்பச் சொல்கிறேன். பாட்டு கோப்பிக்குள் இறங்கும் என்றால் எல்லாப் பாட்டும் இறங்கும்.

அல்வாரெஸிடம் இதைச் சொன்னால் கோபப்படமாட்டார் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அவரே திரும்பி வந்திருக்கிறார். 2012இல் 'எ வெட்டிங் இன் ஹைட்டி' என்ற நினைவுநூலை எழுதினார். அவர்கள் தோட்டம் இருந்த பகுதியில் கோப்பி வேலைக்கு வந்த ஓர் ஹைட்டிப் பையன். சின்ன வயதிலேயே எல்லை தாண்டி வந்தவன். உன் கல்யாணத்துக்கு நான் வருவேன் என்று அவனிடம் ஒரு நாள் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறார். 2009இல் நிஜமாகவே அழைப்பு வருகிறது. போகிறார். திரும்பும்போது காகிதமில்லாத மணப்பெண்ணையும் கைக்குழந்தையையும் எல்லை தாண்டிக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி ஹைட்டிக்குப் போகிறார்.

நீதிக்கதையில் இடம் கிடைக்காத ஆள் பதினொரு வருடம் கழித்துப் பெயரோடும் ஊரோடும் குடும்பத்தோடும் வந்து உட்கார்கிறான். பறவை யாரிடமும் கேட்காமல் தாண்டுகிற எல்லையில், பச்சைக் குழந்தையோடு காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த நூலில் வேறு குறைகள் இருக்கலாம். நிலம் வைத்திருப்பவர் தன்னிடம் வேலை செய்பவரைப் பற்றி எழுதும்போது வரும் சங்கடம் இதிலும் உண்டு. ஆனால் அந்தச் சங்கடத்தை மறைக்காமல் எழுதுகிறார். 'எ கஃபெசிதோ ஸ்டோரி'யைத் தனியாக வாசித்தால் இனிப்பாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் கோப்பி ருசி வருகிறது.

*

இத்தோடு முடித்திருந்தால், அவர்கள் பறவையைப் பார்த்தார்கள், நாம் மனிதனைப் பார்த்தோம் என்று நமக்கே மாலை போட்டுக்கொள்கிற கட்டுரையாக இது ஆகியிருக்கும். நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். நம் தோட்டக் கதைகளில் பெரட்டு உண்டு, கங்காணி உண்டு, லயம் உண்டு, கள்ளுக்கடை உண்டு. மரம் என்றால் பெரும்பாலும் வெட்டுகிற நிரை. அந்த மரத்தின் மேல் என்ன இருந்தது என்று நான் ஒருமுறையும் யோசித்ததில்லை. பறவையைப் பற்றி எழுதுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது. அதை உடைத்ததும் அம்மாதான்.

பொட்டலம் தீர்ந்துபோகிற சமயத்தில் ஒரு நாள், நிழல் கோப்பியில் மருந்து அடிக்கமாட்டார்கள், வெயில் கோப்பியில் காய்த் துளைப்பானுக்கு எண்டோசல்ஃபான் அடித்தார்கள், 2011இல் உலக அளவில் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தவர். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு பாராகுவாட் அடித்தவர். கை நகமெல்லாம் போய், மூக்கில் ரத்தம் வரும் என்று நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். மலேசியாவில் அது முழுசாகத் தடையானது 2020இல்தான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மருந்தடிச்ச காட்டுல ரெண்டு நாளைக்கு ஒரு குருவி எறங்காது. ஒரே அமைதியா இருக்கும். எங்களுக்கு அது தெரியும். ஆனா மறுநாள் காலையில அங்கதான் போய் நிக்கணும்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் பறவையைக் கவனித்திருக்கிறார். பொழுதுபோக்காக அல்ல. தன் உடம்புக்கு என்ன ஆகப் போகிறது என்று அது அவருக்குச் சொல்லியிருக்கிறது. பறவைக்குப் பறந்துபோக முடிந்தது, அவருக்கு முடியவில்லை. மற்றபடி இருவருக்கும் ஒரே விஷம்தான். நான் இத்தனை பக்கம் பறவையா கூலியாளா என்று பிரித்துப் பேசிய இடத்தில், அவருக்கு அந்தப் பிரிவு இருக்கவே இல்லை.

இப்போது மிகேலின் கற்பனையை வேறு மாதிரி வாசிக்கிறேன். பறவை பாடுகிற தோட்டம் என்றால் அங்கே மருந்தடிக்கவில்லை, மறுநாள் போய் நிற்கலாம் என்று பொருள். அந்தப் பாட்டு குடிப்பவரின் ருசிக்கு முன்னால் பறிப்பவரின் மூச்சுக்கானது. அல்வாரெஸ் இதை எழுதவில்லை. ஆனால் எழுதுவதற்கான இடத்தைத் திறந்து வைத்திருக்கிறார். கிலோ கணக்கா நாள் கணக்கா என்று கேட்கத் தெரிந்த ஒருவர், குருவி இறங்காத காட்டின் அமைதியையும் சேர்த்து எழுத வேண்டும். அது நம்மில் யாராவது எழுத வேண்டிய கதை.

சின்னம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். 'எ கஃபெசிதோ ஸ்டோரி'யைத் தமிழில் சொல்லி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பாதி முடித்திருக்கிறேன்.